ஐம்பது இடங்களுக்காகக் கட்சியான கூட்டணி

கேட்டிருக்கும் கேள்வி இது: "கிரீஸின் சிரிசா கட்சியா, கூட்டணியா? 4 சதவீதத்தில் கிடந்த ஒன்று ஆட்சியைப் பிடித்துவிட்டு, பிறகு துண்டு துண்டாகப் போனது எப்படி? 2015இல் பிரதமராக இருந்த சிரிசா தலைவர் சிப்ராஸ் கடன் கொடுத்தவர்களிடம் பணிந்ததுதான் காரணமா?"

முதல் பாதிக்குப் பதில் சுலபம். 2004இல் பிறந்தபோது கூட்டணி. 2012 ஜூன் தேர்தலுக்காகக் காகிதத்தில் கட்சி. 2013 ஜூலையில் முறைப்படி மாநாடு கூட்டி ஒரே கட்சி. இரண்டாம் பாதிக்குப் பெரும்பாலானவர்கள் "ஆமாம், 2015 ஜூலைதான்" என்பார்கள். அது தவறு என்று நான் சொல்லவில்லை. ஆனால் சிரிசாவை உடைத்த முடிச்சு அதற்கு மூன்று வருடம் முன்பே, ஒரு தேர்தல் சட்டத்தின் உட்பிரிவால் விழுந்துவிட்டது என்பது என் வாதம். அதைத்தான் கொஞ்சம் நீட்டி எழுதப் போகிறேன்.

பெயரிலிருந்தே தொடங்கலாம். சிரிசா என்பது "தீவிர இடதுசாரிகளின் கூட்டணி" என்பதற்கான கிரேக்கச் சுருக்கம். கூட்டணி என்ற இடத்தில் அவர்கள் வைத்திருக்கும் சொல் 'சினாஸ்பிஸ்மோஸ்'. 'அஸ்பிஸ்' என்றால் கேடயம். பழங்காலக் காலாட்படை வீரர்கள் கேடயத்தோடு கேடயம் ஒட்டி வரிசை கட்டி நிற்பார்களே, அந்த நிலைக்குப் பெயர் அது. ஒருவன் கேடயம் பக்கத்திலிருப்பவனையும் காக்கும்; ஒருவன் நகர்ந்தால் பக்கத்திலிருப்பவன் விலா திறந்துவிடும். இன்னொரு சிலேடையும் உண்டு: 'சிரிசா' என்று ஒலிக்கும் பழைய கிரேக்கச் சொல்லுக்கு "வேரோடு" என்று பொருள். இவர்கள் நட்டதைவிட வேரோடு பிடுங்கிக்கொண்டதுதான் அதிகம் என்று கிண்டலடிப்பவர்கள் இருக்கிறார்கள்.

கிரேக்க இடதுசாரிகள் ஏன் இத்தனை துண்டு என்று புரிய 1968க்குப் போக வேண்டும். உள்நாட்டுப் போரில் (1946-49) தோற்ற கம்யூனிஸ்ட் கட்சி தடைசெய்யப்பட்டு, தலைவர்கள் சோவியத் முகாம் நாடுகளில் அகதிகளாக இருந்தார்கள். தொண்டர்கள் உள்நாட்டில் சிறையிலும் தீவுகளிலும் கிடந்தார்கள். 1967இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் வெளியே இருந்தவர்களுக்கும் உள்ளே இருந்தவர்களுக்கும் பிளவு முற்றியது. 1968இல் கட்சி இரண்டாகியது. மாஸ்கோவோடு நின்றது கேகேஇ (கிரேக்க கம்யூனிஸ்ட் கட்சி என்பதன் சுருக்கம்). மற்றதற்குப் பெயரே "உள்நாட்டு கேகேஇ". சோவியத் வழியைக் கேள்வி கேட்ட, இத்தாலிய கம்யூனிஸ்ட்டுகளைப் போல் ஜனநாயக வழி பேசிய அந்த இரண்டாவது கிளையின் பேரப்பிள்ளைதான் சிரிசா.

இந்த இரண்டு கிளைகளின் வாரிசுகளும் மறுபடி கைகோர்த்தன, 1989இல். அந்தக் கூட்டணிக்கும் சினாஸ்பிஸ்மோஸ் என்றே பெயர். ஜூன் 1989 தேர்தலில் 13 சதவீதம் வாங்கி, யாரும் எதிர்பாராத ஒன்றைச் செய்தார்கள். பசோக் சோஷலிஸ்ட்டுகளின் ஊழலை விசாரிக்க வேண்டும் என்று சொல்லி, வலதுசாரி புதிய ஜனநாயகக் கட்சியோடு சேர்ந்து சில மாத அரசு அமைத்தார்கள். உள்நாட்டுப் போரில் எதிரெதிரே நின்று சுட்டுக்கொண்ட இரண்டு தரப்பு! அந்த ஆகஸ்ட்டில், இடதுசாரிகளைப் பற்றிப் போலீஸ் பல பத்தாண்டுகளாகச் சேர்த்துவைத்த ரகசியக் கோப்புகளை எஃகு ஆலை உலையில் போட்டு எரித்தார்கள். சமரசத்தின் அடையாளம் என்றது அரசு. வரலாற்றாசிரியர்கள் இன்றைக்கும் வயிற்றெரிச்சல் படுகிறார்கள்.

சோவியத் ஒன்றியம் ஆட்டம் கண்ட 1991இல் கேகேஇ வெளியேறியது. மீதி இருந்தவர்கள் சினாஸ்பிஸ்மோஸைத் தனிக் கட்சியாக்கினார்கள். 1993 தேர்தலில் அவர்களுக்குக் கிடைத்தது 2.94 சதவீதம். நாடாளுமன்றத்தில் நுழைய 3 சதவீதம் வேண்டும். அந்த 0.06 சதவீதத்தின் பயம் பிறகு பத்து வருடம் அவர்களை விட்டுப் போகவில்லை. 2000 தேர்தலில் 3.2 சதவீதத்தோடு மூச்சைப் பிடித்துக்கொண்டு தாண்டினார்கள்.

2004 ஜனவரியில் சிரிசா பிறந்ததற்கு உலகமயமாக்கல் எதிர்ப்பு, இராக் போர் எதிர்ப்பு ஊர்வலங்கள் என்று கொள்கைக் காரணங்கள் நிறையச் சொல்வார்கள். உண்மைதான், அந்தக் கூட்டங்களில்தான் இந்தச் சின்னச் சின்னக் குழுக்கள் ஒன்றையொன்று தெரிந்துகொண்டன. ஆனால் தேர்தல் மார்ச்சில் வருகிறது, 3 சதவீதக் கோடு கண்முன் நிற்கிறது என்பதும் அதே அளவு உண்மை. சினாஸ்பிஸ்மோஸ் பெரிய அண்ணன். கூடவே சூழலியல் கம்யூனிஸ்ட்டுகள், ட்ராட்ஸ்கியவாதிகள், கேகேஇயிலிருந்து பிரிந்தவர்கள், அப்புறம் மனோலிஸ் கிளேசோஸ் சேர்த்த "செயல்படும் குடிமக்கள்" குழு. கிளேசோஸ் யார் என்று கிரீஸில் சின்னப் பிள்ளையும் சொல்லும்: 1941 மே மாதம், 18 வயதில், நண்பர் அப்போஸ்தோலோஸ் சாந்தாஸோடு இரவில் அக்ரோபோலிஸ் குன்றில் ஏறி நாஜிக் கொடியை இறக்கியவர்.

இந்தக் குழுக்களுக்கு 'சினிஸ்தோசெஸ்' என்று பெயர். இயற்பியல் பாடத்தில் ஒரு விசையைக் கூறுகளாகப் பிரிப்போமே, அந்தக் 'கூறு' என்ற சொல். பத்திரிகைகள் அதைக் கேலியாகவே எழுதும்: "சிரிசா எந்தப் பக்கம் நகரும் என்று தெரிய வேண்டுமா, கூறுகளைக் கூட்டிப் பாருங்கள்" என்கிற மாதிரி.

முதல் தேர்தலிலேயே சண்டை வந்தது. 3.3 சதவீதம், 6 இடம். ஆறு பேரும் சினாஸ்பிஸ்மோஸ்காரர்கள். வாக்கு சேர்த்துத் தந்தோம், எங்களுக்கு ஒரு இடம்கூட இல்லையா என்று சின்னக் குழுக்கள் முறுக்கிக்கொள்ள, அதே வருடம் ஜூனில் நடந்த ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் சினாஸ்பிஸ்மோஸ் தனியாக நின்றது. கூட்டணி பிறந்து ஆறு மாதத்தில் செத்தது போலத்தான் இருந்தது. வருடக் கடைசியில் அலேகோஸ் அலவனோஸ் சினாஸ்பிஸ்மோஸ் தலைவராகி மறுபடி ஒட்டவைத்தார். 2006இல் ஏதென்ஸ் மேயர் தேர்தலுக்கு அலெக்சிஸ் சிப்ராஸ் என்ற 32 வயது இளைஞரை நிறுத்தி 10 சதவீதத்துக்கு மேல் வாங்கிக் காட்டினார். 2008இல் தலைவர் நாற்காலியையும் அவருக்கே கொடுத்தார். பிறகு இருவருக்கும் ஒத்துப்போகவில்லை என்பது வேறு கதை.

கூட்டணி என்ற அமைப்பு எப்படி வேலை செய்தது என்பதை இங்கே கவனிக்க வேண்டும். யூரோவில் இருப்பதா வெளியேறுவதா, சோஷலிஸ்ட்டுகளோடு சேரலாமா, காவல்துறையை எதிர்த்துத் தெருவில் இறங்கும் இளைஞர்களை ஆதரிப்பதா கண்டிப்பதா என்று எல்லாவற்றிலும் பல குரல். எல்லாக் குரலும் மேடையில் ஏறலாம். முடிவெடுத்தே ஆக வேண்டிய கட்டாயம் கிடையாது, ஏனென்றால் 4, 5 சதவீதம் வாங்கும் கூட்டணியின் முடிவுக்காக யாரும் காத்திருக்கவில்லை. பிடிக்காதவர் தன் குழுவின் பெயரில் தனி அறிக்கை விட்டுவிட்டு மறுநாள் அதே கூட்டத்துக்கு வந்து உட்காரலாம். குடும்பச் சண்டை வீட்டுக்குள்ளேயே முடியும். 2010இல், கடனில் மூழ்கிய கிரீஸுக்குச் சிக்கன நிபந்தனைகளோடு யூரோ நாடுகளும் ஐஎம்எஃப்பும் பணம் கொடுத்த முதல் கடன் ஒப்பந்தம் வந்த சமயத்தில் ஃபோதிஸ் கூவேலிஸ் தலைமையில் மிதவாதிகள் பிரிந்துபோய் 'ஜனநாயக இடது' என்று தனிக்கடை போட்டபோதுகூட மிச்சமிருந்தது குலையவில்லை.

பிறகு 2012 மே 6. இந்தத் தேர்தலின் எண்களை நிதானமாகப் பாருங்கள், மொத்தக் கதையும் இதில்தான் இருக்கிறது. புதிய ஜனநாயகம் 18.85 சதவீதம், 108 இடம். சிரிசா 16.8 சதவீதம், 52 இடம். இரண்டு சதவீத வித்தியாசத்துக்கு 56 இடம் வித்தியாசமா? ஆமாம். 300 இடங்களில் 250ஐ மட்டும்தான் விகிதாசாரமாகப் பிரிப்பார்கள். மீதி 50 முதலிடம் வந்த கட்சிக்கு போனஸ். நிலையான அரசு வர வேண்டும் என்று 2004இல் 40ஆக வைத்த போனஸை 2008இல் ஒரு சட்டம் 50 ஆக்கியது. கிரேக்க அரசியலமைப்பில் ஒரு பாதுகாப்பு உண்டு: தேர்தல் முறையை மாற்றினால் அது அடுத்த தேர்தலுக்கு அல்ல, அதற்கடுத்ததற்குத்தான் பொருந்தும், உடனே வேண்டுமானால் 200 உறுப்பினர்கள் ஆதரிக்க வேண்டும். அதனால் 50 போனஸ் முதன்முதலில் நடைமுறைக்கு வந்ததே இந்த 2012இல்தான்.

அந்தச் சட்டத்துக்குள் இன்னொரு கொக்கி இருந்தது. முதலிடம் வந்தது கட்சியாக இல்லாமல் கூட்டணியாக இருந்தால், அதன் வாக்கை உறுப்புக் கட்சிகளின் எண்ணிக்கையால் வகுத்து சராசரி எடுப்பார்கள். அந்தச் சராசரி, தனித்து நின்ற மிகப்பெரிய கட்சியின் வாக்கைவிட அதிகமாக இருந்தால்தான் போனஸ். இல்லாவிட்டால் இரண்டாவதாக வந்த கட்சி 50 இடத்தையும் தூக்கிக்கொண்டு போகும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: சிரிசாவில் பத்துக்கும் மேற்பட்ட குழுக்கள். 30 சதவீதம் வாங்கி முதலிடம் வந்தாலும் சராசரி 3 சதவீதத்தைத் தொடாது. ஜெயித்தாலும் தோல்வி.

மே தேர்தலில் யாராலும் அரசு அமைக்க முடியவில்லை. ஜூன் 17க்கு மறுதேர்தல் அறிவித்தார்கள். இம்முறை முதலிடமே எட்டும் தூரத்தில் தெரிந்தது. அந்த இடைவெளியில் சிரிசா தன்னை ஒரே கட்சியாகப் பதிவு செய்துகொண்டது. எட்டு வருடமாக "நாங்கள் ஒன்றாவதா வேண்டாமா" என்று மாநாடு மாநாடாகப் பேசியும் முடியாதது, சில வாரத்தில் முடிந்தது. தேர்தலில் 26.9 சதவீதமும் 71 இடமும் கிடைத்தன. முதலிடம் கிடைக்கவில்லை, போனஸ் புதிய ஜனநாயகத்துக்கே போனது. ஆனால் கட்சி என்ற பதிவு தங்கிவிட்டது.

2013 ஜூலை மாநாட்டில் அதை உண்மையாக்கினார்கள். கூறுகள் தங்களைக் கலைத்துக்கொள்ள வேண்டும் என்று முடிவானது. ஒரு தலைவர், ஒரு மத்தியக் குழு. பழைய குழுக்களின் இடத்தில் உட்கட்சி அணிகள் வந்தன. அதில் பெரியது பனாயோதிஸ் லஃபசானிஸின் 'இடது மேடை'. மத்தியக் குழுவில் சுமார் 30 சதவீதம் அவர்கள் கையில். தேவைப்பட்டால் யூரோவை விட்டு வெளியேறவும் தயாராக வேண்டும் என்பவர்கள் அவர்கள். சிப்ராஸ் பக்கமோ யூரோவுக்குள் இருந்துகொண்டே சிக்கன நடவடிக்கைகளை ஒழிப்போம் என்றது. கூட்டணியாக இருந்தபோது இந்த இரண்டும் அருகருகே வாழ முடிந்தது. ஒரே கட்சி, அதுவும் நாளை ஆளப்போகிற கட்சி என்றால் எப்படி?

2015 ஜனவரி 25. 36.3 சதவீதம், 149 இடம். 50 போனஸும் இந்த முறை இவர்களுக்கு. பெரும்பான்மைக்கு 2 குறைவு. சட்டம் கேட்டபடி கூட்டணியைக் கலைத்துக் கட்சியாகி வந்தவர்கள், ஆட்சிக்காக மறுபடி ஒரு கூட்டாளி தேட வேண்டியதாயிற்று. கேகேஇயிடம் 15 இடம் இருந்தது. அவர்கள் தொடக்கத்திலிருந்தே கதவைச் சாத்திவிட்டார்கள். 1968இன் கசப்பு என்பதோடு, முதலாளித்துவ அரசில் பங்கெடுக்கமாட்டோம் என்பது அவர்கள் கொள்கை. கடைசியில் சேர்ந்தது பானோஸ் கமெனோஸின் 'சுதந்திர கிரேக்கர்கள்', 13 இடம் வைத்திருந்த தேசியவாத வலதுசாரிக் கட்சி. கடன் ஒப்பந்த எதிர்ப்பைத் தவிர இருவருக்கும் பொதுவாக எதுவும் கிடையாது. ஒரே நாளில் பேசி முடித்தார்கள்.

பதவியேற்ற அன்று சிப்ராஸ் டை கட்டாமல், பாதிரியார் முன்னால் பைபிள் மேல் கை வைக்காமல் உறுதிமொழி எடுத்தார். அங்கிருந்து நேரே கைசரியானி துப்பாக்கிச் சூட்டுத் திடலுக்குப் போய் ரோஜாக்களை வைத்தார். 1944 மே 1 அன்று ஜெர்மன் படை 200 கம்யூனிஸ்ட்டுகளை வரிசையாக நிறுத்திச் சுட்ட இடம் அது. பெர்லினோடு பேரம் பேசப் போகிறவர் முதலில் போன இடம் என்பதால் எல்லோரும் அதை ஜெர்மனிக்கான செய்தி என்று எழுதினார்கள். வீட்டுக்குள்ளிருந்த எல்லா அணிகளுக்குமான செய்தியும் அதில் இருந்தது என்றே எனக்குப் படுகிறது: நாம் எல்லோரும் ஒரே பிணங்களின் வாரிசு.

அது நீடிக்கவில்லை. பிப்ரவரி 20 அன்று கடன் கொடுத்தவர்களோடு இடைக்கால உடன்பாடு. இரண்டே நாளில் 92 வயது கிளேசோஸ், இந்த மாயையில் தானும் பங்கெடுத்ததற்காகக் கிரேக்க மக்களிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். ஜூன் கடைசியில் வங்கிகள் மூடப்பட்டன. ஏடிஎம்மில் ஒரு நாளைக்கு 60 யூரோ மட்டும். 20 யூரோ நோட்டுகள் தீர்ந்துபோன இயந்திரங்களில் நடைமுறையில் 50தான் கிடைத்தது. கடன் கொடுத்தவர்களின் நிபந்தனைகளை ஏற்பதா என்று கேட்ட ஜூலை 5 பொதுவாக்கெடுப்பின் வாக்குச்சீட்டில் "ஏற்கவில்லை/இல்லை" என்ற கட்டம் மேலேயும் "ஏற்கிறேன்/ஆம்" கீழேயும் அச்சாகியிருந்தன. 61.3 சதவீதம் பேர் இல்லை என்றார்கள். மறுநாள் நிதியமைச்சர் யானிஸ் வருஃபாகிஸ் ராஜினாமா. ஜூலை 13 காலை, 17 மணி நேரப் பேச்சுவார்த்தைக்குப் பின், சிப்ராஸ் மூன்றாவது கடன் ஒப்பந்தத்துக்குத் தலையாட்டிவிட்டு வெளியே வந்தார். 86 பில்லியன் யூரோ வரை கடன். பதிலுக்கு ஓய்வூதிய வெட்டு, வரி உயர்வு, அரசுச் சொத்து விற்பனை. கிரேக்கர்கள் இதற்கு 'கொலோதூம்பா' என்று பெயர் வைத்தார்கள். நம் குட்டிக்கரணம்தான்.

இதற்கப்புறம் நடந்ததில்தான் கட்சியாக மாறியதன் விலை தெரிகிறது. மத்தியக் குழுவின் 201 பேரில் 109 பேர் ஒப்பந்தத்தை எதிர்த்துக் கையெழுத்திட்டார்கள். பெரும்பான்மை! பழைய கூட்டணியாக இருந்தால் பிரதமர் குழுக்களைக் கூட்டிப் பேசாமல் ஓரடி நகர முடியாது. இப்போதோ மத்தியக் குழு கூடுவதற்கு முன்பே நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்பு நடந்துவிட்டது. 229 ஆதரவு, எதிர்க்கட்சிகளின் தயவில். சிரிசாவில் மட்டும் 32 பேர் எதிர்த்து வாக்களித்தார்கள். ஆகஸ்ட் 20இல் சிப்ராஸ் ராஜினாமா செய்து தேர்தலை அறிவிக்க, மறுநாளே லஃபசானிஸ் 25 உறுப்பினர்களோடு 'மக்கள் ஒற்றுமை' என்ற புதுக் கட்சி கண்டார்.

செப்டம்பர் 20 முடிவு உங்கள் கேள்விக்கு நேரடிப் பதில். சிரிசா 35.5 சதவீதம், 145 இடம். அதாவது ஜூலையின் குட்டிக்கரணத்துக்குப் பிறகும் அந்த இலையுதிர்காலத்தில் ஓட்டு போட வந்தவர்கள் கைவிடவில்லை. (வராமல் வீட்டிலேயே இருந்தவர்கள் கணிசம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.) 'மக்கள் ஒற்றுமை' வாங்கியது 2.86 சதவீதம். 1993இன் 2.94 ஞாபகம் வருகிறதா? அதே 3 சதவீதக் கோடு, அதே மயிரிழை.

ஆகவே வாக்காளர் கோபம் மட்டுமே சிரிசாவை உடைத்தது என்று சொல்ல முடியாது. போனது கொள்கைக்காரர்கள், இளைஞர் அணியில் பெரும்பகுதி, வீடு வீடாகப் போகிற தொண்டர்கள். மிச்சமிருந்தது ஒரு தலைவரும் அவர் படமும். 2018 ஆகஸ்ட்டில் கடன் திட்டத்திலிருந்து நாடு வெளியே வந்தது. 2019 ஜனவரியில், அண்டை நாடான வட மாசிடோனியாவோடு அதன் பெயரைப் பற்றி இருந்த சண்டை தீர்ந்தது, அதற்காகவே கமெனோஸ் கூட்டணியை முறித்துக்கொண்டு போனார். 2019 ஜூலையில் 31.5 சதவீதத்தோடு ஆட்சி போனது. தோல்விதான், ஆனால் மானத்தோடு.

இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்லாமல் போக முடியாது. 2016இல் சிரிசா அரசு அந்த 50 போனஸை ஒழித்து, முழு விகிதாசார முறையைக் கொண்டுவந்தது. 200 ஓட்டு வேண்டியதற்கு 179தான் கிடைத்ததால் அது 2019க்குப் பொருந்தாமல் 2023 மே தேர்தலுக்குத்தான் பொருந்தியது. போனஸ் இல்லையென்றால் யாரும் தனித்து ஆள முடியாது, இடதும் நடுவும் சேர்ந்து ஆளலாம் என்பது கணக்கு. அந்தத் தேர்தலும் வந்தது. புதிய ஜனநாயகம் 40.8 சதவீதம் வாங்கியும் 146 இடம்தான், பெரும்பான்மை இல்லை. கணக்கு பலித்தது! ஆனால் சிரிசா 20.1 சதவீதத்தில் கிடந்தது, பசோக் அதோடு சேரத் தயாராக இல்லை, கேகேஇ வழக்கம்போல் திரும்பிப் பார்க்கவில்லை, வருஃபாகிஸின் கட்சி 3 சதவீதத்தைத் தாண்டவில்லை. கூட்டணிகளுக்கு ஏற்ற சட்டம் கைக்கு வந்தபோது கூட்டணி கட்ட ஆள் இல்லை. ஜூன் மறுதேர்தலுக்குள் புதிய ஜனநாயகம் 2020இல் திருப்பிக் கொண்டுவந்த போனஸ் சட்டம் அமலாகிவிட்டது. சிரிசாவுக்கு 17.8 சதவீதம், 47 இடம். சிப்ராஸ் தலைமையிலிருந்து விலகினார்.

அதற்கடுத்தது உங்களுக்கே தெரிந்திருக்கலாம், சுருக்கமாகச் சொல்கிறேன். தலைவரை மாநாட்டுக்குப் பதில் உறுப்பினர்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் முறை ஏற்கெனவே வந்திருந்தது. 2 யூரோ கட்டி உறுப்பினராகச் சேர்ந்து வாக்களிக்கலாம். ஸ்தெஃபனோஸ் கசெலாகிஸ், மியாமியில் வாழ்ந்த, ஒரு காலத்தில் கோல்ட்மேன் சாக்ஸில் வேலை பார்த்தவர், வாக்குப்பதிவுக்குச் சில வாரம் முன்பு ஒரு வீடியோ போட்டுக் களத்தில் குதித்து, 2023 செப்டம்பரில் முன்னாள் தொழிலாளர் அமைச்சர் எஃபி அக்சியோக்லுவைத் தோற்கடித்தார். அந்தக் குளிர்காலத்துக்குள் அக்சியோக்லுவும் முன்னாள் நிதியமைச்சர் யூக்லிட் சகலோதோஸும் வெளியேறி, 11 உறுப்பினர்களோடு 'புதிய இடது' உருவானது. ஒரு வருடத்தில் மத்தியக் குழு கசெலாகிஸையே இறக்கியது. அவரும் தனிக்கட்சி தொடங்கினார். 2024 நவம்பரில் சோக்ராதிஸ் ஃபாமெலோஸ் தலைவரானபோது சிரிசாவிடம் 26 இடம். பசோக்கிடம் 31. தேர்தலே நடக்காமல் பிரதான எதிர்க்கட்சி என்ற தகுதி கைமாறியது.

கசெலாகிஸ் வந்ததைப் பலர் விபத்து என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கூறுகள் இருந்த காலத்தில், மியாமியிலிருந்து வந்த ஒருவர் ஒரு வீடியோவோடு அந்த வாசலைத் தாண்டியிருக்கவே முடியாது. பத்துக் குழுக்களின் பத்து அலுவலகங்களில் உட்கார்ந்து, காபி குடித்து, பேசிப் பேசி இடம் பிடித்திருக்க வேண்டும். அந்தச் சலிப்பூட்டும் கூட்டங்களைத்தான் 2013இல் கலைத்தார்கள். சிப்ராஸ் 2025 அக்டோபரில் நாடாளுமன்ற இடத்தையும் விட்டுவிட்டார். 2015 ஜனவரியில் ஒரே வரிசையில் நின்றவர்களை இன்று தேடினால் ஃபாமெலோஸின் சிரிசா, புதிய இடது, லஃபசானிஸ் தொடங்கிய மக்கள் ஒற்றுமை, முன்னாள் சபாநாயகர் சோயி கொன்ஸ்தந்தோபுலுவின் கட்சி, வருஃபாகிஸின் கட்சி என்று ஐந்து வாசல் ஏற வேண்டும்.